கொட்டம்பா இலைச் சிவப்பு படத்தில் செம்மஞ்சளாகிறது: என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைக் கமரா:
ஜனவரி கடைசியில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஒரு காலை நடை இருக்கு. போற வழியில் நிறம் மாறி நிற்கிற கொட்டம்பா (நாட்டு வாதுமை) மரங்களையும் எடுக்க யோசனை. கையில் 18-55 லென்ஸ், ஒரு போன். பிரச்சினை இரண்டு: கடும் சிவப்பு இலை செம்மஞ்சள் அப்பல் மாதிரி விழுது, நரம்பே தெரியாது. மற்றது, இலைமேல் வெள்ளைப் பளபளப்பு. பிறகு கணினியில் திருத்தவும் ஏலாமல் இருக்கு.

நிழல்மானி:
முதலாவது, சிவப்புச் சனல் (படத்தில் சிவப்பை மட்டும் பதியிற பகுதி) நிரம்பி வழியிறது. சிவப்பு உச்சத்தில் முட்டி நிற்க, பச்சைச் சனல் மட்டும் மேலே ஏறும். அதனால்தான் நிறம் செம்மஞ்சள் பக்கம் சரியும். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளியளவைக் காட்டுற வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது. மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியிற ஹிஸ்டோகிராமைப் போடுங்கோ. சிவப்பு வலது சுவரில் ஒட்டினால் எக்ஸ்போஷரை (பதிவாகிற ஒளியளவை) -0.7, தேவைப்பட்டால் -1 வரை இறக்குங்கோ. ரோ கோப்பாக, அதாவது கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுங்கோ. ஜேபெக்கில் போன நரம்பு போனதுதான்.

வெயிலுக்கு எதிரே நின்று, இலையூடாக ஒளி வரும்படி எடுத்தால் கணக்கு மாறும். பின்னால் வெறும் வானம் என்றால் எக்ஸ்போஷர் +1. பின்னால் இருட்டுப் புதர் என்றால் கமரா தானாகவே கூட்டிவிடும், நீங்கள் குறைக்க வேணும்.

வெள்ளைச் சமநிலையை (ஒளியின் நிறத்துக்கேற்ப கமரா நிறத்தைச் சரிசெய்யிற அமைப்பை) ஆட்டோவில் விடாதேங்கோ. மஞ்சளையும் சிவப்பையும் தவறென்று நினைச்சு நீலத்தைக் கலக்கும். மேகமூட்டத் தெரிவில் வையுங்கோ.

தலவத்துகொட:
மேகமூட்டத் தெரிவு வெயிலில் பக்கத்துப் பச்சை இலைகளையும் மஞ்சளாக்கும். வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் (பகல் வெளிச்ச அளவு) பூட்டுறது நல்லம்.

பளபளப்புக்கு லென்ஸ் முன்னால் மாட்டுற போலரைசர் ஃபில்டர்தான் மருந்து, கணினி இல்லை. இலையின் மெழுகுத்தோல் வானத்தைப் பிரதிபலிக்குது. ஃபில்டரைச் சுழற்றச் சுழற்ற அது மறையும். ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் ஒளி குறையும் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகிறது), ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்வு அளவை) கூட்டுங்கோ. வாங்கமுதல் லென்ஸ் முகப்பில் குறுக்குக்கோடு போட்ட வட்டக்குறிக்கு (ø) பக்கத்தில் இருக்கிற மில்லிமீற்றர் எண்ணைப் பாருங்கோ, அதுதான் ஃபில்டரின் அளவு. பழைய 18-55 லென்ஸ்கள் சிலதில் ஃபோகஸ் பண்ண முகப்பும் சேர்ந்து சுழலும். அதில் முதலில் ஃபோகஸ், பிறகுதான் ஃபில்டர்.

பூங்காவின் பலகைப் பாதையில் முக்காலி நம்பிக்கையில்லை. பின்னால் ஒருவர் நடந்தாலே அதிரும். கையில் பிடிச்சு ஷட்டர் வேகம் 1/250 செக்கனுக்குக் கீழே போகாமல் எடுங்கோ, இலை ஆடினால் 1/500.

நிழல்மானி:
5500 சரிதான், ஏற்கிறேன். நேரத்தையும் கவனியுங்கோ: இங்கே சூரியன் கிடுகிடுவென ஏறும், எட்டரைக்குப் பிறகு நிழல் கறுப்பாகிவிடும். ஏசி அறையிலிருந்து கமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையின் சிப்பைத் திறக்காமல் அரை மணி விடுங்கோ.

போனில் என்றால் திரையில் இலை தெரியிற இடத்தை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸைப் பூட்டி, சூரியக்குறியைக் கீழே இழுங்கோ. ஃபில்டர் இல்லாட்டி நிற்கிற கோணத்தை மாற்றினாலே பளபளப்புப் பாதி போகும்.