சுழல்வதா, திரும்புவதா? கைப்பேசித் திரைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியைச் சாய்த்ததும் திரை நிமிர்ந்த நிலையிலிருந்து படுத்த நிலைக்குத் தானாக மாறும் வசதிக்கு (ஆட்டோ ரொட்டேட்) நம் தமிழ்ச் சொற்பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை 'தற்சுழற்சி', 'தானியங்குச் சுழற்சி', 'தானாகச் சுழற்று' என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுமே 'சுழல்' என்ற வேரில் பிறந்தவை. அந்த வேரையே இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்தருள்க.

சென்ற வாரம் என் பெரியம்மா அழைத்தார். அகலமான அட்டவணை ஒன்றைப் பார்க்க வேண்டும், திரை அசைய மறுக்கிறது என்றார். "திரைச் சுழற்சி இயக்கத்தில் இருக்கிறதா, பாருங்கள் பெரியம்மா" என்றேன். இருக்கிறது என்றார். "அப்படியானால் கைப்பேசியைச் சுழற்றுங்கள்" என்றேன். சுழற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுழற்றினார், அப்போதும் அதே கதைதான். கால் மணி நேரம் கழித்து நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. கைப்பேசியை மேசைமேல் மல்லாக்க வைத்து, ஆட்டுக்கல் குழவியைச் சுற்றுவதுபோல ஒரு விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். "நீதானே சுழற்றச் சொன்னாய்?" என்று கேட்டார். அவர் செய்தது சரி. நான் கொடுத்த சொல்தான் தவறு.

மேசைமேல் கிடக்கும் கைப்பேசி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் திரை மாறாது. காரணம் எளிது. கைப்பேசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது முடுக்கமானி (ஆக்சிலரோமீட்டர்) என்ற உணரி. அதற்குள் நுண்ணிய வில்களில் தொங்கும் மிகச் சிறிய எடை ஒன்று இருக்கிறது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அந்த எடை நகரும் அளவைக் கொண்டு அறிகிறது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் அந்த இழுப்பு நீளப் பக்கத்தில் விழும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அகலப் பக்கத்துக்கு மாறும். மல்லாக்க வைத்தால் முழுவதும் முதுகுப் பக்கம் போய்விடும். நீளத்திலும் அகலத்திலும் பதிவாக எதுவும் மிஞ்சாது. அதனால் கடைசியாக இருந்த நிலையையே திரை பிடித்துக்கொள்கிறது. இதில் பழுது எதுவும் இல்லை.

சுழலும் வேகத்தை அளக்கத் தனியாக ஓர் உணரி இருக்கிறது, அதுதான் கைரோஸ்கோப். 'கொட்பு' என்ற நல்ல பழஞ்சொல்லைக் கொண்டு அதைக் 'கொட்பளவி' என்று அழைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. அதைப் பிறகு பேசுவோம். திரை மாறுவதைச் 'சுழற்சி' என்று நாம் எழுதினால், பழுது பார்க்க வருபவர் முதலில் அந்தக் கொட்பளவியைத்தான் சந்தேகிப்பார். கேள்வி முடுக்கமானியைப் பற்றியதாக இருக்க, சொல் வேறொரு பக்கம் கையைக் காட்டும். 'தற்சுழற்சி'யை முன்மொழிந்த ஐயாவுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பள்ளிப் புத்தகத்தில் புவி தன் அச்சில் சுற்றுவதற்கு அந்தச் சொல் நிலைபெற்றுவிட்டது. பம்பரமும் புவியும் நில்லாமல் சுற்றுபவை. திரையோ கால் வட்டம் போய் நின்றுவிடுகிறது.

கால் வட்டம் போய் நிற்பதற்குத் தமிழில் 'திரும்புதல்' என்று பெயர். தலை திரும்பினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறோம். தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொள்கிறோம். இந்த வேறுபாட்டை எந்தக் குழந்தைக்கும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

'தானியங்கு' என்ற முன்னொட்டும் இங்கே தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்த வேலையைச் செய்யத் தன்வினையும் பிறவினையும் இருக்கின்றன. திரை தானே மாறினால் 'திரும்புகிறது'. நாம் தொட்டு மாற்றினால் 'திருப்புகிறோம்'. ஆண்ட்ராய்டின் 9ஆம் பதிப்பு 2018இல் வந்தபோது இந்த இரண்டாம் வகையும் வந்தது. தானாகத் திரும்புவதை நிறுத்தி வைத்திருந்தாலும், கைப்பேசியைச் சாய்த்ததும் திரையின் ஓரத்தில் ஒரு சிறு குறி தோன்றும். அதைத் தொட்டால் அந்த ஒரு முறை மட்டும் திரை மாறும். அந்தக் குறிக்குத் 'திருப்பு' என்று பெயர் வைத்தால், வசதிக்குத் 'திரை திரும்பல்' என்ற பெயர் இயல்பாகப் பொருந்திவிடுகிறது. இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துத்தானே வேறுபாடு, குழம்பாதா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். "வண்டி திரும்பியது", "வண்டியைத் திருப்பினான்" என்ற இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லையே.

இன்னொரு மறுப்பு வலுவானது. 'திரும்பு' என்றால் 'வந்த வழியே திரும்பிப் போ' என்ற பொருளும் உண்டு. முந்தைய பக்கத்துக்குப் போகும் பொத்தானோடு மோதும். உண்மைதான். அதனால்தான் தனித்த 'திரும்பு' வேண்டாம், எப்போதும் 'திரை'யோடு சேர்த்தே எழுதுவோம் என்கிறேன்.

இனி, பயனரை எல்லாவற்றிலும் அதிகமாக அலைக்கழிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் இந்த வசதிக்கான பொத்தான் ஒளிர்ந்தால் திரை மாறும். ஐபோனில் பூட்டும் அதைச் சுற்றிய அம்பும் உள்ள பொத்தான் ஒளிர்ந்தால் திரை மாறாது. ஒன்றில் இயக்க வேண்டும், மற்றொன்றில் அணைக்க வேண்டும். இரண்டையும் 'சுழற்சி' என்ற ஒரே தலைப்பில் போட்டு "சுழற்சிப் பொத்தானை இயக்குங்கள்" என்று எழுதும் உதவிக் குறிப்பு, பாதிப் பேருக்கு வேண்டியதற்கு நேர் எதிரான மருந்தைக் கொடுக்கிறது. எனவே பொத்தானின் அடியில் பெயர்ச்சொல்லே வேண்டாம்; நிலையைச் சொல்லும் வினைமுற்றைப் போடுவோம். 'திரை திரும்பும்', 'திரை திரும்பாது'. நம் மொழியின் எதிர்மறை வினை இவ்வளவு சிக்கனமாக இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரும் இழப்பு. ஐபோனின் பூட்டுக்கு 'நெடுக்குப் பூட்டு' என்ற பெயர் பொருந்தும், ஏனென்றால் அது திரையை நிமிர்ந்த நிலையில்தான் பூட்டுகிறது.

'நெடுக்கு' எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 'குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அங்கிருந்துதான். நிமிர்ந்த திரை நெடுக்கு, படுத்த திரை குறுக்கு. 'செங்குத்து', 'கிடைமட்டம்' என்பவை கணக்குப் பாடத்தில் சரியாக இருக்கும். ஆனால் படுத்துக்கொண்டே கைப்பேசி பார்ப்பவரிடம் செங்குத்து என்றால் எது என்று அவர் திகைப்பார்.

சொல் நல்லதா என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பெரியம்மாவுக்காக எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

"திரை நெடுக்கிலேயே நின்றுவிட்டால், முதலில் பொத்தானைப் பாருங்கள், 'திரை திரும்பும்' என்று இருக்க வேண்டும். கைப்பேசியை மேசையிலிருந்து எடுத்து, முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, பிறகு பக்கவாட்டில் சாயுங்கள். முகப்புத் திரையில் சோதிக்க வேண்டாம், பல கைப்பேசிகளில் அது திரும்பாது. சில செயலிகளும் தம்மை நெடுக்கிலேயே நிறுத்திக்கொள்ளும். ஒரு படத்தைத் திறந்து சாய்த்துப் பாருங்கள். அதிலும் திரும்பவில்லை என்றால் கைப்பேசியை ஒரு முறை அணைத்து இயக்குங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், ரசமட்டம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து சாயுங்கள். குமிழ் நகர்ந்தால் முடுக்கமானி நலமாக இருக்கிறது, கோளாறு அமைப்பிலோ செயலியிலோ இருக்கிறது. குமிழ் அசையவே இல்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் காட்டலாம்."

கை சாய்க்கிறது, முடுக்கமானி உணர்கிறது, திரை திரும்புகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருப்பதால் தொடர்பு எங்கே அறுந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. பெரியம்மா இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "ரசமட்டம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறதா?" என்று.

தலைகீழாகப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் திரை மாறாது. அந்தத் தலைகீழ் நிலைக்கு இன்னும் சொல் வைக்கவில்லை. 'கவிழ்நெடுக்கு' என்று ஒன்று தோன்றுகிறது, காதுக்கு இதமாக இல்லை. உங்களில் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள். 'திரை திரும்பல்', 'நெடுக்குப் பூட்டு' இரண்டுக்கும் மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்.