கர்னலில் ஆஃப்செட்டுக்கு எந்த அளவு முழு எண்?

ரங்கூன்_தம்பி:
வணக்கம். இங்கே யாங்கோனில் கரண்ட் இருக்கும் நேரத்தில் லினக்ஸ் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் எழுதிப் பழகுகிறேன். பக்க எண்ணை (ஒரு பக்கம் 4096 பைட்) 12 பிட் இடப்பக்கம் நகர்த்தி ஆஃப்செட், அதாவது தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண், எடுத்தால், 64 பிட் கணினியில் சரி, பழைய 32 பிட் கணினியில் 4 ஜிபி தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து வருகிறது. விடையை வாங்குகிற மாறி யு64தான் (64 பிட் முழு எண்), அண்ணன்மாரே!

தட்டோன்_அண்ணன்:
தம்பி, வாங்குகிற மாறி பெரிதாக இருந்து பயனில்லை. பக்க எண்ணின் வகை அன்சைன்ட் லாங்தானே (மைனஸ் இல்லாத முழு எண்), 32 பிட்டில் அது 4 பைட். நகர்த்தும்போதே மேல் பிட்டுகள் விழுந்துவிடும், அப்புறம்தான் யு64-க்குள் போகிறது. முதலில் யு64 ஆக்கு, பிறகு நகர்த்து.

மோல்மீன்_அக்கா:
கோப்பு ஆஃப்செட் என்றால் லாஃப்_டி (loff_t) வகை, நினைவகத்தின் இயற்பியல் முகவரி என்றால் ஃபிஸ்_அட்ர்_டி (phys_addr_t) வகை. இன்ட் (மைனஸும் வரும் 32 பிட் முழு எண்) வேண்டவே வேண்டாம், 2 ஜிபியிலேயே மைனஸுக்குப் போய்விடும். அதைத் தேடி எனக்கு இரண்டு ராத்திரி போனது.

ரங்கூன்_தம்பி:
நகர்த்துவதற்கு முன்னாலேயே யு64 ஆக மாற்றினேன், சரியாகிவிட்டது. நன்றி அண்ணா, அக்கா.