வாகிசாஷி (ஜப்பானியக் குட்டை வாள்): கைப்பிடி கழலவில்லை, முனையருகே செந்துரு. என்ன செய்யலாம்?

ஒற்றையடி (கேள்வி)

வாளின் நீளம் 52 செ.மீ. முனையிலிருந்து முதுகுப்பக்கப் படிவரை நேர்கோட்டில் அளந்தது. கைப்பிடியில் துணிநாடா கட்டு, இரும்புத் ட்சுபா (கைக்காப்புத் தகடு), மூங்கில் ஆணி (மெகுகி) ஒன்றே ஒன்று. அந்த ஆணி அசையவே இல்லை.

முனைக்கு 4 செ.மீ. கீழே மிளகளவில் இரண்டு செந்துருப் புள்ளிகள். துடைத்து எண்ணெய் பூசினாலும் சில வாரங்களில் அதே இடத்தில் திரும்ப வருகின்றன. மிக மெல்லிய எஃகு நாரால் தேய்த்தால் போகுமா? கிராம்பு எண்ணெய் என்கிறார்களே, மருந்துக்கடையில் கிடைப்பது போதுமா?

உலைக்கரி

முதலில் எஃகு நாரைக் கீழே வையுங்கள். உப்புத்தாள், உலோக பாலிஷ், எலுமிச்சை எதுவும் வேண்டாம். அந்த மேற்பரப்பு வெறும் பளபளப்பு இல்லை. பின்சுய் தொடங்கி உச்சிகுமோரி வரை கல் கல்லாக மாற்றித் தேய்த்து, எஃகின் மடிப்பு ரேகையும் ஹமோனும் (கூர்வாயோரம் ஓடும் அலைக்கோடு) கண்ணுக்குத் தெரியும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். நார் பட்ட இடம் மங்கிவிடும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் வாள் முழுவதையும் தேய்க்க நேரும். ஒவ்வொரு தேய்ப்பிலும் மேல்தோல் எஃகு குறையும். தோல் கரைந்தால் உள்ளிருக்கும் மென்னிரும்பு திட்டுத்திட்டாக வெளியே தெரியும். போன தோல் திரும்பாது.

மெகுகி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்திருக்கும். இரண்டு முனைகளையும் உருப்பெருக்கியில் பாருங்கள். சிறுத்த பக்கத்திலிருந்துதான் தட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் தட்டினால் இன்னும் இறுகும். துவாலையை மடித்துக் கைப்பிடியை அதன்மேல் கிடத்தி, பித்தளைக் குச்சியும் சிறு சுத்தியும் கொண்டு பல சிறிய தட்டுகளாகத் தட்டுங்கள். இரும்பு ஆணி வைத்தால் மூங்கில் பிளந்து துளைக்குள்ளேயே சிக்கும். நாடாக் கட்டுக்கு அடியில் இரண்டாவது ஆணி ஒளிந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

ஆணி வந்தபின் இடக்கையால் கைப்பிடியின் கடைக்கோடியைப் பிடித்து, வாளைச் சற்றுச் சாய்வாக மேல்நோக்கி நிறுத்துங்கள். கூர்வாய் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் மெதுவாகத் தட்டினால் வாள் தளரும். வாகிசாஷியின் வால் (கைப்பிடிக்குள் நுழையும் பகுதி) குட்டை. நீள வாளான கட்டானாவைத் தட்டும் வேகத்தில் தட்டினால் குதித்து வெளியே விழும். எதிரில் ஆள் நிற்கக் கூடாது.

நிழல்வாய்

துரு அதே இடத்தில் திரும்பி வருகிறதென்றால் குற்றவாளி பெரும்பாலும் உறைதான். உள்ளே அதே உயரத்தில் பழைய துருத்தூளோ ஈரமோ தங்கியிருக்கும். வாளை எத்தனை முறை துடைத்தாலும் திரும்பப் போய் அதில்தான் படுக்கிறது. வெறும் மர உறையை (ஷிராசாயா) சோற்றுப் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள், பிளந்து சுத்தம் செய்ய வசதியாக. ஆனால் அது தெரிந்தவர் வேலை.

இப்போதைக்கு: நீரற்ற ஆல்கஹாலில் நனைத்த மென் டிஷ்யூவை முதுகுப்பக்கமிருந்து மடித்துப் பிடித்து, அடியிலிருந்து முனை நோக்கி மட்டும் துடையுங்கள். பிறகு புள்ளிமேல் எண்ணெய் வைத்து ஒரு நாள் விட்டுத் துடையுங்கள். ஒரு வாரம் இப்படியே செய்தால் மேலோட்டமான துரு இளகும். குழி விழுந்திருந்தால் அப்படியே விடுங்கள்.

மருந்துக்கடைக் கிராம்புத் தைலம் வேண்டாம், அது பல்வலிக்கு. சோஜி எண்ணெய் என்பது பெரும்பாலும் வாசத்துக்குக் கொஞ்சம் கிராம்பு சேர்த்த கனிம எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். முழு வாளுக்கும் இரண்டு மூன்று சொட்டு போதும்.

பழங்கொல்லன்

உச்சிகோ பொடியால் தட்டித் துடைத்தால் பழைய எண்ணெய் நன்றாகப் போகுமே?

நிழல்வாய்

போகும். ஆனால் அது உச்சிகுமோரிக் கல்லின் தூள், மென்மையானாலும் தேய்ப்புப்பொருள்தான். மட்டமான பொடி மயிரிழைக் கீறல் போடும். ஆல்கஹால் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

ஒற்றையடி

கழன்றுவிட்டது, நன்றி. வால்பகுதி கருந்துருவாக இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு எழுத்து: பிஷூ ஒசாஃபுனே சுகேசதா. மறுபக்கம் எய்ரொகு 8ஆம் ஆண்டு 8ஆம் மாதம். சில எழுத்துகள் மங்கல். புளி போட்டுத் தேய்த்தால் துலங்குமா?

உலைக்கரி

ஐயோ, வேண்டாம்! செம்புக்குடம் இல்லை அது. அந்தக் கருந்துருதான் வாளின் பிறப்புச் சான்று. அதன் நிறமும் அடர்த்தியும், அரம் போட்ட கோடுகளின் தேய்மானமும் சேர்ந்துதான் வயதைச் சொல்கின்றன. சுத்தம் செய்த வாலைப் பார்த்ததும் விலை விழும், சந்தேகம் எழும். வாலுக்கு எண்ணெய்கூட வேண்டாம். உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

எழுத்துக்குத் தேவை வெளிச்சம்தான். கருந்துணிமேல் முனை மேலே இருக்கும்படி கிடத்தி, ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டில் தாழ்வாக ஒரே விளக்கு வைத்துப் படமெடுங்கள்.

எய்ரொகு என்ற ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் 8 என்றால் 1565. மாதத்தை அப்படியே நம்பாதீர்கள். பிசென் (ஒசாஃபுனே ஊர் இருந்த மாகாணம், சுருக்கமாகப் பிஷூ) வாள்களில் 2ஆம் மாதம் அல்லது 8ஆம் மாதம் என்றே பொறிப்பது வழக்கம். சுகேசதா என்ற பெயரில் அங்கே பல கொல்லர்கள் இருந்தார்கள். உங்களுடையதுபோல் 'பிஷூ' என்று சுருக்கமாகப் பொறித்தவை பெரும்பாலும் போர்க்காலத் தேவைக்கு மொத்தமாகச் செய்தவை. 'பிசென் நோ குனி ஜூ' என்று தொடங்கி யோசோசாயெமோன் நோ ஜோ போன்ற சொந்தப் பெயரும் சேர்ந்தால் அது தனி ஆர்டர், தரமே வேறு. பெரும்போக்கைத்தான் சொல்கிறேன், விதிவிலக்கு உண்டு.

கையொப்பத்துக்கு ஜப்பானியத்தில் 'மெய்', போலிக்கு 'கிமெய்'. நம் காதுக்கு வேடிக்கைதான். கையொப்பம் போலியாகவும் இருக்கலாம், அதனால் எழுத்தை விட்டுவிட்டு வாளையே பாருங்கள். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் ஹமோன் அலைகள் அடியில் அகன்று விரிந்து, ஒவ்வொரு அலைக்குள்ளும் சிற்றலைகள் தெரிந்தால் அந்தக் காலத்துப் பிசென் கைவேலையோடு ஒத்துப்போகிறது.

நிழல்வாய்

தேய்ப்புக்கோ டோக்கியோவில் என்பிடிஎச்கே (ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கம்) சான்றிதழுக்கோ செலவழிக்கும் முன் ஒரு சோதனை. கூர்வாயை உருப்பெருக்கியில் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். வாய்க்குச் செங்குத்தாக மயிரிழை விரிசல் இருந்தால் அது ஹகிரே. அதைச் சரிசெய்ய வழியில்லை, பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இருக்கும்போது விரிசல் மறையும். ஆல்கஹாலால் துடைத்த கையோடு பாருங்கள்.