மாரத்தான்: 30 கி.மீ.க்குப் பிறகு வேகம் விழுகிறது

கேள்வி: ஒரு வருடப் பயிற்சியில் அரை மாரத்தான் நேரம் நன்றாகக் குறைந்தது. முழு மாரத்தான் மட்டும் 4 மணி நேரத்துக்குக் கீழே வரவில்லை. புதுச்சேரியில்தான் பயிற்சி. எங்கே கோளாறு?

பதில் 1: 4 மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 5:41 (5 நிமிடம் 41 விநாடி) போதும். அரை மாரத்தான் தெம்பில் ஆரம்பத்தையே 5:20-ல் ஓடினால் கிளைகோஜன் (தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து) சீக்கிரம் தீரும். முதல் 5 கி.மீ. 5:45-ல் போங்க. ஞாயிறு நீள ஓட்டம் 28–32 கி.மீ., அதில் கடைசி 8 மட்டும் ரேஸ் வேகம்.

பதில் 2: சாப்பாட்டையும் பாருங்க சார். மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து வேணும். பசி வருமுன்னே, 40 நிமிஷத்திலேயே முதல் ஜெல் (ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்). பயிற்சியில் பழக்காத ஜெல் வயிற்றைக் கலக்கும்.

பதில் 3: மே மாதக் கடற்கரைச் சாலையில் வாட்ச் வேகத்தை நம்பாதீங்க. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது, இதயத்துடிப்பு ஏறும். ஆரோவில் செம்மண் பாதை நேரத்தைத் தார்ச்சாலையோடு ஒப்பிடுவதும் வீண்.