ஆறிய பிறகு அளந்த ஷாஃப்ட்: அப்ரண்டிஸ் நாட்களின் அனுபவங்கள்

அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் நாளே மெஷின் ஓட்டப் போகிறோம் என்ற நினைப்பில் போனேன். கையில் கொடுத்தது ஓர் அரமும் ஓர் இரும்புக் கட்டியும். ஆறு பக்கமும் சமமாக, ஒன்றுக்கொன்று செங்கோணமாக வர வேண்டும். மூன்று வாரம் அது மட்டும்தான் வேலை. செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுப்பகுதி மேடாக இருக்கும், இரண்டு ஓரத்திலும் கீற்றாக வெளிச்சம் தெரியும். அரத்தைத் தள்ளும்போது கை ஏறி இறங்குவதால் வருவது அது. தள்ளத் தொடங்கும்போது முன்கையில் அழுத்தம், போகப் போகக் கைப்பிடிப் பக்கம் அழுத்தம். கேட்க இவ்வளவுதான். உடம்பு அதைப் பழகத்தான் மூன்று வாரம் ஆனது. துல்லியமாக மட்டமான சர்ஃபேஸ் பிளேட்டில் நீலச் சாயம் தடவி அதன் மேல் கட்டியைத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். ஒருநாள் கட்டியின் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நீலம் படர்ந்திருந்தது. மட்டமாக வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின். முதல் சில வாரம் கடையும்போது விழும் இரும்புச் சீவலான சிப்பை அள்ளுவதும் பெருக்குவதும்தான். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அள்ளும்போதுதான் சிப்பைக் கவனித்தேன். ஒரு மெஷினில் ரிப்பன் மாதிரி நீளமாகச் சுற்றிக்கொண்டு வரும், இன்னொன்றில் சின்னச் சின்னதாக உடைந்து விழும், சில சமயம் நீலம் பாரித்திருக்கும். டூல் எப்படி வெட்டுகிறது, எவ்வளவு சூடேறுகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரியும் என்று பிறகு புரிந்தது.

ஆறாவது மாதம் நான்கு ஷாஃப்ட் (உருளையான இரும்புத் தண்டு) தனியாகச் செய்யச் சொன்னார்கள். விட்டம் 50 மி.மீ., ட்ராயிங்கில் எச்7. அதாவது 50.000-ஐத் தாண்டக் கூடாது, 49.975-க்குக் கீழேயும் போகக் கூடாது. கடைசிக் கட் முடிந்ததும் மெஷினை நிறுத்தி, நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை வைத்தேன். 49.99. கழற்றி ரேக்கில் வைத்துவிட்டு அடுத்ததைப் பிடித்தேன். நான்கும் அதே அளவு. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில், இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொடுக்கும் முன் இன்னொரு தடவை அளந்தேன். 49.97-க்கும் ஒரு மயிரிழை கீழே. நான்கும்தான். மைக்ரோமீட்டர் மேல் சந்தேகம் வந்து நீளம் துல்லியமாகத் தெரிந்த 25 மி.மீ. செட்டிங் ராடை வைத்து ஜீரோ பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

சுற்றிலும் யாரும் இல்லை. வாய் திறக்காமல் தள்ளிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, அது உண்மை. அந்த ஷாஃப்ட் போய் உட்காரப் போகும் பேரிங்கை நினைத்தேன். மூத்த டர்னரிடம் போய், "அண்ணே, நாலும் போச்சு" என்றேன்.

அவர் திட்டவில்லை. ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "அளக்கும்போது கையை வைச்சுப் பார்த்தியா தம்பி?" என்றார். வைத்திருந்தேன். உடனே கையை எடுத்துவிடுகிற சூடு. அப்படியே அளந்தும் இருந்தேன். அவர் பேனாவை எடுத்து ஓர் அட்டையில் கணக்குப் போட்டார். ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் 11, 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். ட்ராயிங்கில் உள்ள அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு. அதைவிட 40 டிகிரி கூடுதல் சூட்டில் 50 மி.மீ. விட்டம் சுமார் 0.023 மி.மீ. பெருத்து நிற்கும். அளவு கூடக் குறைய இருக்க அனுமதித்த மொத்த டாலரன்ஸே 0.025 மி.மீ. ஆறியதும் அளவு கீழே இறங்காமல் என்ன செய்யும்?

புதுத் துண்டு கொடுத்து, "ரஃபிங் முடிச்சு அரை மில்லி விட்டுட்டு ஆற வை. அப்புறம் கூலண்ட் போட்டு ஃபினிஷ் பண்ணு" என்றார். வீணான துண்டுகளைப் பதியும் ஸ்க்ராப் தாளில் காரணத்தை என் கையாலேயே எழுத வைத்தார். அந்த நான்கில் மூன்றைச் சின்ன விட்டம் கேட்ட வேறொரு ஜாபுக்குக் கடைந்து எடுத்தோம். ஒன்று இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது.

*

மேலே எழுதியவர் மாதிரி எல்லாம் சரி என்று நம்பி ஏமாந்த நிமிடம் எனக்கும் உண்டு. நான் மெயின்டனன்ஸ் பக்கம். ஒரு மெஷினில் சென்சார் மாற்ற வேண்டியிருந்தது. மெஷினுக்கு வரும் கரன்ட்டைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை இறக்கி, வேறு யாரும் ஏற்றிவிடாமல் இருக்க என் பூட்டைப் போட்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்தியும் பார்த்தேன். ஓடவில்லை. சரி, பாதுகாப்புதான் என்று கையை உள்ளே நீட்டப் போனேன். கூட இருந்த ஃபிட்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "கரன்ட் போயிடுச்சு. காத்து?" என்றார்.

மெஷினில் உள்ள சிலிண்டருக்கு அழுத்தக் காற்று கொண்டுவரும் ஏர் லைனை நான் யோசிக்கவே இல்லை. அவர் வால்வை மூடி, லைனில் தங்கியிருந்த காற்றை வெளியேற்றினார். மேலே நின்ற சிலிண்டர் சர்ரென்று கீழே இறங்கி நின்றது. என் கை இருந்திருக்க வேண்டிய இடத்தில். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது என்னோடு வரும் அப்ரண்டிஸ்களிடம் கரன்ட், காற்று, ஹைட்ராலிக், ஸ்பிரிங், தூக்கி நிறுத்திய எடை என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும்.

*

நான் டிசைன் அப்ரண்டிஸ். கம்ப்யூட்டரில் வரைந்தால் எல்லாம் அழகாகப் பொருந்தும். நான் வரைந்த ஒரு பிராக்கெட்டை மாட்ட முடியவில்லை என்று அசெம்பிளியிலிருந்து கூப்பிட்டார்கள். கோபத்தோடுதான் போனேன், அளவெல்லாம் சரியாக இருந்ததே.

அங்கே இருந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் போல்ட் முடுக்கும் சாக்கெட்டை என் கையில் கொடுத்து, "நீயே மாட்டு" என்றார். போல்ட் ஓட்டையில் இறங்கியது. சாக்கெட் இறங்கவில்லை. பக்கச் சுவரை அவ்வளவு ஒட்டி ஓட்டையை வைத்திருந்தேன். போல்ட் தலைக்கு இடம் விட்டேன், சாக்கெட்டின் தடிமனுக்கு விடவில்லை. ஸ்பேனரை நுழைத்துப் பார்த்தேன், அது திரும்பவும் இடமில்லை. அரை மணி நேரம் விரல் முட்டியைத் தேய்த்துக்கொண்டு முயன்றுவிட்டு, "அக்கா, இது என் தப்பு, மாத்திக் கொண்டுவரேன்" என்றேன்.

அவர் சாக்பீஸால் அந்தப் பிராக்கெட்டிலேயே ஒரு கோடு போட்டார். "இதுக்கு இந்தப் பக்கம் வை. இன்னொண்ணு, அந்தக் கீழ் போல்ட் இருக்கே, அதைச் சர்வீஸுக்கு வர்றவங்க எப்படிக் கழட்டுவாங்கன்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். அதையும் குறித்துக்கொண்டு மேலே போனேன்.