ஒரே கிரிக்கெட் அணியில் சாதி வேறான இரண்டு தெருப் பசங்க: என்ன மாறுகிறது? கண்டதைச் சொல்லுங்கள்

தெக்கத்தியான்:
ஊர்த்தெருவும் காலனியும் கலந்த டென்னிஸ் பால் அணி. பேட்டிங்கில் காலனிப் பையன், 17 வயது. எதிர்முனையில் ஊர்த்தெருப் பையன், இவனைவிடச் சின்னவன். ஆனாலும் வெளியே அவனை இவன் கூப்பிடுவது 'வாங்க, போங்க'தான். பந்து மிட் ஆனுக்குப் போனது. 'வாங்க' சொல்ல ஏது நேரம்? "ஓடி வாடா!" ரன் கிடைத்தது. கரையில் நின்ற பெரியவர்கள் முகம் சுருங்கிப்போனது. அடுத்த ஓவரில் மறுபடி 'வாங்க'.

கரிசல்:
ஒரு 'வாடா'வை வைத்துச் சமத்துவம் வந்துவிட்டது என்கிறீர்களா? அணியை எப்படிப் பிரித்தார்கள், அதைச் சொல்லுங்கள். தெருவாரியாகப் பிரித்து 'நட்புப் போட்டி' வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் பொருளாதார ஆய்வாளர் மாட் லோவ் 1,261 இளைஞர்களைச் சேர்த்து நடத்திய ஒரு மாத கிரிக்கெட் லீக் ஆய்வில், ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மோதியவர்களிடம் பெரும்பாலும் தலைகீழ். நடத்துகிறவர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒரு தெருவிலிருந்து ஒருவன் மட்டும் விழுந்தால் பவுண்டரியில் பந்து பொறுக்கத்தான் நிற்பான். மூன்று பேராவது வேண்டும். கேப்டன் பொறுப்பு வாராவாரம் மாறட்டும். பரிசுத்தொகை வேண்டவே வேண்டாம். தோற்றால் பழி யார் தலையில் விழும் என்று தெரியாதா?

மோர்ப்பந்தல்:
தண்ணீரை விட்டுவிட்டீர்களே. அண்ணாந்து குடிப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லோருக்கும் அதுதான் பழக்கம். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவது யார் யார் என்று முதல் வாரமும் நாலாம் வாரமும் எண்ணுங்கள். ஒரு கேன், இரண்டே டம்ளர் வையுங்கள். ஆளுக்கொரு பேப்பர் கப் கொடுத்தால் எதுவும் வெளியே தெரியாது.

வைகைக்கரை:
எல்லாம் மைதானத்தோடு நின்றுவிடும். இராக்கில் ஆய்வாளர் சல்மா மூசா நடத்திய கால்பந்து லீக்கிலும் அதுதான். முஸ்லிம் வீரர்களோடு ஆடிய கிறிஸ்தவர்கள் ஆறு மாதம் கழித்தும் அவர்களோடு பயிற்சிக்குப் போனார்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் மோசுல் நகருக்குப் போய் ஓட்டலில் சாப்பிட மட்டும் மனம் வரவில்லை. இங்கே 1997-ல் அறிவித்த சமத்துவபுரத்தையே பாருங்கள். 100 வீட்டில் 40 பட்டியலினத்தவருக்கு, 25 பிற்பட்டோருக்கு, 25 மிகப் பிற்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சுடுகாடு பொது. சாவு விழுந்தால் பாடை அந்தச் சுடுகாட்டுக்குப் போகிறதா, சொந்த ஊருக்கா? அதைக் கணக்கெடுங்கள்.

தெக்கத்தியான்:
கரிசல், சமத்துவம் என்று எங்கே எழுதினேன்? சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தார்கள். பெரியவர்களிடம் முன்கூட்டிப் பேசாததுதான் கோளாறு. அந்தச் சின்னவன் அடுத்த ஞாயிறு வரவில்லை. வீட்டில் விடவில்லையாம்.