வீட்டு நாஸில் உள்ள கூத்துப் பதிவுகளை வெளிநாட்டிலிருந்து பார்ப்பது எப்படி?

வாவிக்கரை (களுவாஞ்சிக்குடி)

அப்பா 2000களின் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் ஆடப்பட்ட வடமோடிக் கூத்துகளை மினி டிவி (MiniDV) நாடாக் கமராவில் பதிவுசெய்து வைத்திருந்தார். கடற்கரை ஈரத்தில் சில நாடாக்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதால், எஞ்சிய 40 நாடாக்களையும் கணினிக்கு மாற்றி, இரண்டு வன்தட்டுகள் கொண்ட நாஸ் (வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டி) ஒன்றில் சேமித்து, அவற்றைப் பிற கருவிகளில் பார்க்க உதவும் ஜெலிஃபின் மென்பொருளையும் நிறுவியுள்ளேன். வீட்டுக்குள் மடிக்கணினியில் விஎல்சி மூலம் திறந்தால் தங்குதடையின்றி ஓடுகிறது. ரொறன்ரோவிலுள்ள அக்காவுக்காக ரூட்டரில் ஜெலிஃபினுக்கான 8096 ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து நுழையும் வழியை) திறந்தும் அவருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. எங்கள் பதிவேற்ற வேகம் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்). காலமாகிவிட்ட எங்கள் மாமா தருமராக ஆடிய ஓர் இரவு இந்த நாடாக்களில் உள்ளது. அக்காவின் பிள்ளைகள் அவரை நேரில் கண்டதில்லை. பிழை எங்கே என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

கல்முனையான்

தம்பி, முதலில் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் உள்ள வான் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தரும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், ஐபிவி4 எனும் இணைய முகவரிகளின் தட்டுப்பாட்டால் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அந்நிலையில் உங்கள் ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும், நிறுவனத்தின் கதவு மூடியே இருக்கும். நாஸிலும் அக்காவின் கருவியிலும், தொலைவிலுள்ள கருவிகளைத் தனிவலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளை நிறுவுங்கள். இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே இணைவதால் போர்ட் எதையும் திறக்கத் தேவையில்லை. தனிப்பட்ட பாவனைக்குக் கட்டணமும் இல்லை. டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100 என்றே தொடங்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இணைந்த பின்னர், இணைப்பு நேரடியாக உள்ளதா, இடைச் சேவையகம் வழியாகச் செல்கிறதா என்பதையும் பாருங்கள். பின்னது மெதுவாகவே இருக்கும்.

தம்பிலுவில் தங்கை

இணைப்புக் கிடைத்தாலும் அந்தக் கோப்புகள் அப்படியே ஓடமாட்டா, அண்ணா. டிவி (DV) வடிவத்தில் படத்துக்கு மட்டும் 25 எம்பிபிஎஸ் தேவை. ஒரு மணி நேரம் ஏறத்தாழ 13 ஜிபி ஆகிறது. உங்கள் 8 எம்பிபிஎஸ் வழியில் அது நுழையாது. விஎல்சி கோப்பை நேரடியாக வாசிக்கிறது; உலாவியோ கைப்பேசியோ டிவி வடிவத்தை அறியாததால், நாஸ் அந்தக் கணத்திலேயே அதை மாற்றித் தர வேண்டும், சிறிய செயலிகளுக்கு அது பெருஞ்சுமை. ஆகவே மூலக் கோப்புகளைத் தொடாமல், எச்.264 என்ற சுருக்க வடிவில் 3 எம்பிபிஎஸ் அளவில் பார்வைப் பிரதிகளை ஒருமுறை உருவாக்கி வையுங்கள். விடியவிடிய ஆடும் கூத்தில் ஆறு மணி நேரம் 78 ஜிபியிலிருந்து ஏறத்தாழ 8 ஜிபியாகும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். நம் நாட்டு முறையில் டிவி (DV) நாடா ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என நொடிக்கு 50 பாதிப்படங்களைப் பதிகிறது. பலரும் அவற்றை 25 முழுப்படங்களாகச் சுருக்கிவிடுகிறார்கள். காணொளி மாற்றும் மென்பொருளான ஹான்ட்பிரேக்கில், பாதிப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் பொப் தெரிவையும் 50 படவேகத்தையும் வைத்தால் ஒவ்வொரு பாதியும் ஒரு படமாக மாறும். கரப்புடுப்பு என்ற விரிந்த கூத்துடை சுழலும் வேகமும், மத்தளத்தோடு சேர்ந்து விழும் காலடியும் அப்போதுதான் துல்லியமாகத் தெரியும். ஆட்டத்தைப் பழக விரும்பும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

கல்முனையான்

தங்கை கூறியது முற்றிலும் சரி. திறந்த 8096 ஆம் போர்ட்டை இன்றே மூடிவிடுங்கள். 2022 இல் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ்களின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இரண்டு வன்தட்டுகளும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் அதைக் காப்புப் பிரதி என்று கருத முடியாது. மூலக் கோப்புகளின் மூன்றாவது பிரதியொன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.

வாவிக்கரை

வான் முகவரி 100.72 என்றே தொடங்குகிறது. போர்ட்டை மூடிவிட்டேன், டெயில்ஸ்கேலில் அக்காவுக்கு நேரடி இணைப்புக் கிடைத்துவிட்டது. மாமா ஆடிய நாடாவை முதலில் எடுத்து, தங்கை கூறிய 50 படவேகத்திலேயே மடிக்கணினியில் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.